கடல் கடந்த கல்வி

கற்க விரும்புவோர் ஆசிரியரை நாடித் தொலைவிடம் செல்லுதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். காஞ்சியிற் பிறந்தவரெனக் கூறப்படும் தருமபாலர் வடக்கே நெடுந்தொலைவிலுள்ள நாளந்தாவை அடைந்து, அங்கே தலைமையாசிரியராக விளங்கினார். சீன நாட்டு யுவான் சுவாங் மலைகளையும் பாலைகளையும் கடந்து அதே நாளந்தாவிற்கு வந்து பயின்றார். உத்தமதானபுரத்துச் சாமிநாதையர் தமிழ் பயிலும் வேட்கையால் ஊர் ஊராக ஆசிரியரைத் தேடி, முடிவில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைச் சார்ந்தார். நன்னூலாசிரியர் நல்லாசிரியர் இலக்கணத்தையும் நன்மாணாக்கர் இலக்கணத்தையும் வகுத்துரைத்தார். எவ்வூர்ப் பள்ளியைத் தெரிந்துகொள்வது என்பதற்கு மட்டும் அவர் நூற்பா எழுதினாரில்லை. அப்பொறுப்பு மாணாக்கரிடமே விடப்பட்டது.

அஃது எளிய பொறுப்பன்று. அருகிலுள்ள பள்ளியிற் சேர்ந்தால் செலவு சுருங்கும். தாய் சமைத்த உணவை உண்ணலாம். தொலைவிலுள்ள பள்ளி புகழ் வாய்ந்ததாக இருக்கும். ஆனால் அங்கே வழிச் செலவும், மொழித் தடையும், தனிமையும் காத்திருக்கும். இவற்றைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யவேண்டும். இப்பாடத்தில் நாம் அறியப்போகும் பெண்மணிக்கோ தூக்கிப் பார்க்கும் வாய்ப்பே முதலில் இருக்கவில்லை. அவர் பிறந்த நாட்டில் பள்ளிகள் இருந்தன, ஆசிரியர் இருந்தனர், அவருக்குக் கற்பிக்க ஒருவரும் இசைந்திலர். அவர் கற்க விரும்பியது விமானம் ஓட்டும் கலை. அவர் பெயர் பெஸ்ஸி கோல்மன்.

பெஸ்ஸி 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள், அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் அட்லாண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் பதின்மூவர். கறுப்பின மக்களாகிய அவர்கள் உழைத்தும் வறுமை நீங்காதவர்கள். குடும்பம் பின்னர் வாக்ஸஹாச்சி என்னும் ஊரிற் குடியேறியது. அவ்வூரைச் சூழ எங்கணும் பருத்திக் காடுகள். கறுப்பினக் குழந்தைகளுக்கென ஓரறைப் பள்ளி ஒன்று இருந்தது. பெஸ்ஸி நாள்தோறும் நெடுவழி நடந்து அங்கே சென்று படித்தார். பருத்தி வெடிக்கும் பருவத்தில் பள்ளி மூடப்படும். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அப்போது வேறு வேலை உண்டு.

பெஸ்ஸிக்குக் கணக்கில் நல்ல தேர்ச்சி. ஆதலின், குடும்பத்தார் பறித்த பருத்தியின் எடையைக் குறிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கங்காணி வேறு பக்கம் திரும்பும் வேளையில், அச்சிறுமி தராசின்மீது தன் காலையும் சிறிது ஊன்றி எடையைக் கூட்டிவிடுவாளாம். இது நேர்மையாகுமா என்று மாணவர் வினவலாம். அத்தராசும், அதன் கணக்கும், பருத்தியின் விலையும் யாருடைய கையில் இருந்தன என்பதையும் எண்ணிப் பார்த்து விடை காண்பாராக.

1901இல் தந்தையார் குடும்பத்தை விட்டுப் பிரிந்து வேற்று மாநிலத்திற்குச் சென்றார். தாயார் சூசன் அம்மையார் பிறர் வீடுகளில் ஊழியம் செய்து மக்களைக் காத்தார். அவ்வம்மையார் எழுத்தறியாதவர், எனினும் மக்கள் கற்கவேண்டும் என்பதில் உறுதியுடையவர். பெஸ்ஸி துணி வெளுத்து ஈட்டிய பணத்தை அவரே சேர்த்து வைத்துக்கொள்ள இசைந்தார். அப்பணத்தைக் கொண்டு 1910இல் பெஸ்ஸி ஓக்லகாமாவிலுள்ள லாங்ஸ்டன் என்னும் ஊர்க் கல்லூரியிற் சேர்ந்தார். ஒரு பருவம் முடிந்தது, பணமும் முடிந்தது. மீண்டும் வாக்ஸஹாச்சி, மீண்டும் அழுக்குத் துணி மூட்டை. வீட்டை விட்டுத் தொலைவிற் சென்று கற்க அவர் செய்த முதல் முயற்சி இங்ஙனம் நின்றது. கையிருப்பைக் கணக்கிடாமற் புறப்பட்டால் இடைவழியில் நிற்க நேரும் என்பதை அவர் அன்று அறிந்துகொண்டார் போலும். அடுத்த முறை அவர் அப்பிழையைச் செய்யவில்லை.

1915ஆம் ஆண்டளவில் பெஸ்ஸி வடக்கேயுள்ள சிகாகோ நகரை அடைந்தார். அங்கே அவர்தம் தமையன்மார் இருந்தனர். முடிதிருத்தகம் ஒன்றில், வருவோரின் கைந்நகங்களைத் திருத்தி ஒழுங்கு செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. முதல் உலகப் போர் மூண்டபோது தமையன்மார் இருவர் படையிற் சேர்ந்து பிரான்சு நாட்டிற்குச் சென்று மீண்டனர். அவருள் ஜான் என்பார் கேலி பேசுவதில் வல்லவர். ஒரு நாள் அவர் முடிதிருத்தகத்தினுட் புகுந்து, பலர் கேட்கத் தம் தங்கையை நகையாடினார். பிரான்சு நாட்டுப் பெண்கள் விமானமும் ஓட்டுகிறார்கள்; உங்களால் அது ஆகுமா என்பது அவர் பேச்சின் பொருள். அங்கிருந்தோர் சிரித்தனர். பெஸ்ஸியும் சிரித்தார் என்றே சொல்வர். ஆயினும் அச்சொல் அவர் உள்ளத்தில் தைத்தது. விமானம் ஓட்டக் கற்பதென அன்றே உறுதி பூண்டார்.

உறுதி பூண்டாலும் வழி எங்கே? அவர் பல பள்ளிகளில் இடம் வேண்டினார். விமானிகள் சிலரைத் தனியாகவும் கேட்டுப் பார்த்தார். பெண் என்பதால் ஒரு தடை; கறுப்பினத்தவர் என்பதால் மற்றொரு தடை. சிகாகோவில் நிறவெறிக் கலகம் மூண்டு உயிர்கள் பல மாய்ந்தது 1919ஆம் ஆண்டில். அக்காலத்து அந்நகரில் ஒரு கறுப்பினப் பெண் வானிற் பறக்க விழைவதைப் பலர் பித்தென்றே கருதியிருப்பர்.

பித்தென்று கருதாதவர் ஒருவர் இருந்தார். அவர் 'சிகாகோ டிபெண்டர்' என்னும் வார இதழைத் தொடங்கி நடத்திவந்த ராபர்ட் அபட். அவர் பெஸ்ஸிக்குக் கூறிய அறிவுரை சுருக்கமானது: பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொள், பிரான்சிற்குச் சென்று பயில். இவ்வறிவுரை ஆராய்ந்து பார்க்கத் தக்கது. தொலைவில் இருப்பதனாலேயே ஒரு பள்ளி உயர்ந்ததாகிவிடாது. அயல்நாடு என்னும் பெயரைக் கேட்டு மயங்குவோர் எக்காலத்தும் உளர். அபட் காட்டிய நாட்டிற்கோ தக்க காரணங்கள் இருந்தன. விமானக் கலையில் அந்நாளில் முன்னணியில் நின்ற நாடுகளுள் பிரான்சு ஒன்று. உலகிலேயே முதன்முதலாக விமானி உரிமம் பெற்ற பெண்மணி பிரெஞ்சு நாட்டினர்; ரேமோன் தெ லரோஷ் என்னும் அவ்வம்மையார் 1910ஆம் ஆண்டிலேயே அதனைப் பெற்றார். ஆதலின், பெண் ஓட்டுவது அங்கே புதுமையன்று. நிறவேற்றுமையும் அமெரிக்காவில் இருந்த அளவிற்கு அங்கே கல்விக்குத் தடையாக நிற்கவில்லை. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. உலக விமானக் கழகம் 1905இல் பாரிசில் நிறுவப்பட்டது. அதன் பெயரால் அந்நாளில் வழங்கப்பட்ட உரிமம் பல நாடுகளிலும் மதிக்கப்பட்டது. பிரான்சிற் பெற்ற உரிமத்தைக் கொண்டு பிறந்த நாட்டிற்குத் திரும்பினால், கற்கவில்லை என்று எவரும் அவரை ஒதுக்க இயலாது. கற்ற கல்வி தாய்நாட்டில் செல்லுபடியாகுமா என்னும் இவ்வினாவை, தொலைவிடப் பள்ளியை நாடுவோர் பலர் சேர்ந்த பின்னரே கேட்கின்றனர்.

காரணங்கள் தெளிந்த பின் பொருள் வேண்டும். பெஸ்ஸி நகம் திருத்தும் பணியை விட்டு, மிகுந்த ஊதியம் தரும் உணவுக் கடை ஒன்றின் மேலாளரானார். அபட்டும், ஜெஸ்ஸி பிங்கா என்னும் வங்கியாளரும் உதவினர். மொழி கற்பிக்கும் பள்ளியொன்றில் பிரெஞ்சு பயின்றார். 1920ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்திற் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

பாரிசை அடைந்ததும் முதல் இடி விழுந்தது. அவர் நாடிய பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. அங்கே பயின்ற பெண்கள் இருவர் விமானம் வீழ்ந்து இறந்தனராம். அதன்பின் பெண்களைச் சேர்ப்பதில்லையாம். நிறத்தைக் காரணம் காட்டாத ஊரிலும் வாயில் அடைபட்டது. அறிந்தவர் எவருமில்லா நாடு. அரைகுறையாகப் பயின்ற மொழி. கையிலே அளந்து கொண்டுவந்த பணம். இந்நிலையில் பலர் திரும்பும் கப்பலைத் தேடியிருப்பர். பெஸ்ஸி வேறு பள்ளியைத் தேடினார்.

பிரான்சின் வடகரையில் சோம் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் லெ குரோத்துவா என்றொரு சிற்றூர் உண்டு. கடல் வற்றும் நேரத்தில் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மணல்வெளி பரந்து கிடக்கும். விமானம் கட்டுவதிற் பெயர்பெற்ற கோத்ரோன் உடன்பிறந்தார் அங்கே விமானப் பள்ளி ஒன்றை நிறுவியிருந்தனர். பாரிசைப் போன்ற அழகும் ஆரவாரமும் அவ்வூருக்கில்லை. பறக்கக் கற்போர்க்கு அவை வேண்டுவனவுமல்ல. அப்பள்ளி பெஸ்ஸியை ஏற்றுக்கொண்டது.

பயிற்சிக்குரிய விமானம் நியூபோர்ட் 82 என்னும் வகையினது. இரண்டு அடுக்குச் சிறகுகள், மரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, எங்கும் கம்பிகள். இன்றைய விமானத்தைக் கண்டு பழகியவர் அதனைப் பட்டம் என்று நினைப்பர். சிறகு காற்றில் ஒடியலாம். இயந்திரம் இடைவானில் நின்றுவிடலாம். ஆகவே, ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன்னர், சிறகு, சட்டம், கம்பி, துணி ஆகியவற்றை ஓட்டுபவரே தடவித் தடவிச் சோதிக்கவேண்டும். பெஸ்ஸி முதலிற் கற்றது பறப்பதை அன்று, பார்ப்பதை.

ஆசிரியரும் மாணவரும் அமர ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள் இருந்தன. இரண்டிடத்தும் ஒரே வகையான கருவிகள். முன்னே நிமிர்ந்து நிற்கும் ஒரு கோல்; அடியில் இரு கால்களாலும் அழுத்தும் ஒரு சட்டம். கோலை முன்தள்ளினால் விமானம் தாழும், பின்னிழுத்தால் எழும், பக்கம் சாய்த்தால் சிறகு சாயும். காற்சட்டம் வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும். வேகத்தைத் தடுத்து நிறுத்தும் கருவி கிடையாது. தரையிறங்கியபின் வாலின் கீழுள்ள ஊன்றுகட்டை மண்ணிற் கீறிக்கொண்டு செல்ல, விமானம் தானே நிற்கவேண்டும். வானிலே இயந்திரத்தின் பேரொலியில் ஆசிரியர் கூறும் சொல் மாணவர் செவிக்கு எட்டாது. ஆசிரியர் தம் கோலை அசைக்கும்போது மாணவரின் கோலும் அசையும். அவ்வசைவைக் கையாலும் காலாலும் உணர்ந்தே கற்கவேண்டும். பிரெஞ்சு மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசிய பெஸ்ஸிக்கு அது ஒரு நன்மையாகவும் ஆயிற்று எனலாம். தரையில் மொழி தடையாக நின்றது; வானில் ஆசிரியருக்கும் மொழி பயன்படவில்லை.

பயிலுங்காலத்தில் உடன் பயின்ற மாணவர் ஒருவர் விமானம் வீழ்ந்து மாண்டதை அவர் தம் கண்ணாலேயே கண்டார். உள்ளம் மிகக் கலங்கியது என்று அவரே பின்னாளிற் கூறியுள்ளார். கலங்கியவர் பயிற்சியை நிறுத்தவில்லை. பத்துத் திங்களுக்கென வகுக்கப்பட்ட பயிற்சியை ஏழு திங்களில் முடித்தார்.

தேர்வு நாள் வந்தது. ஐந்து கிலோமீட்டர் கொண்ட வட்டத்தில் இருமுறை பறக்கவேண்டும். ஐம்பது மீட்டர் உயரம் ஏறவேண்டும். வானிலே எட்டு என்னும் எண்ணைப்போல வளைந்து திரும்பவேண்டும். குறித்த இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இறங்கவேண்டும். தரையைத் தொடுமுன் இயந்திரத்தை நிறுத்திவிடவும் வேண்டும். இவை யாவற்றையும் செய்து முடித்து, 1921ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் உரிமம் பெற்றார். அவ்வுரிமத்தை உலக விமானக் கழகத்தின் வாயிலாகப் பெற்ற கறுப்பினப் பெண்களுள் அவரே முதல்வர். அதிலே அவர் பிறந்த ஆண்டு 1896 எனக் காண்கிறது. நான்கு ஆண்டுகளை அவர் குறைத்துச் சொல்லியிருக்கிறார். வானத்தை அஞ்சாதவர் வயதை அஞ்சினார் என்று நகைக்கலாம். காலந்தாழ்ந்து கற்கத் தொடங்கியோரின் கூச்சத்தை அறிந்தவர் நகையார்.

உரிமம் கிடைத்தவுடன் அவர் ஊர் திரும்பவில்லை. தம் குறை தமக்குத் தெரிந்திருந்தமையால், பாரிசுக்கு அருகே தேர்ந்த விமானி ஒருவரிடம் மேலும் இரண்டு திங்கள் பயின்றார். செப்டம்பரில் அமெரிக்கா மீண்டபோது செய்தியாளர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஆனால், புகழ் சோறிடாது. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானத் தொழில் அங்கு இன்னும் வளரவில்லை. மக்கள் திரண்ட வெளியில் விமானத்தைக் குட்டிக்கரணமிடச் செய்து காட்டுவதே விமானிகள் பலர்க்குப் பிழைப்பாக இருந்தது. அவ்வித்தையை அவர் கற்றிலர். சிகாகோவில் கற்பிப்பாரைத் தேடினார். பழைய விடையே கிடைத்தது. 1922ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மறுபடியும் கப்பலேறிப் பிரான்சிலும், ஆலந்திலும், செருமனியிலும் பயின்று திரும்பினார். ஆலந்திலே விமானம் கட்டுவதிற் பேர்பெற்ற போக்கர் என்பாரையும் கண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த கர்ட்டிஸ் விமானத் திடலில் மக்கள் காணப் பறந்தார். மறு திங்களில் சிகாகோ மக்களும் அவர் பறப்பதைக் கண்டனர்.

ஒரு கலையைக் கற்க இருமுறை பெருங்கடல் கடந்தவருக்கு, தம் பின் வருவோரும் அங்ஙனம் கடக்கவேண்டுமா என்னும் எண்ணம் எழுந்தது. கறுப்பின இளைஞர்க்கு அமெரிக்க மண்ணிலேயே ஒரு விமானப் பள்ளி நிறுவவேண்டும் என்பதே அவர்தம் வாழ்வின் குறிக்கோளாயிற்று. அதற்குப் பொருள் தேட ஊர் ஊராகப் பறந்தார். கோயில்களிலும் பள்ளிகளிலும் அரங்குகளிலும் சொற்பொழிவாற்றினார். 1923இல் கலிபோர்னியாவில் விமானம் வீழ்ந்து காலும் விலாவெலும்புகளும் முறிந்தன. நலம்பெற்றதும் மீண்டும் பறந்தார்.

திரைப்படமொன்றில் நடிக்கவும் அவரை அழைத்தனர். முதற்காட்சியிலேயே கந்தையுடுத்து, அறியாமையே உருவாகிய பெண்ணாகத் தோன்றவேண்டும் என்றனர். தம் இனத்தாரை உலகம் இழிவாக எண்ணுதற்குத் தாமே துணைபோக மாட்டேன் என்று வெளியேறிவிட்டார். நடித்திருப்பின் பள்ளிக்குரிய பொருள் விரைவிற் கிடைத்திருக்கலாம். எனினும், அப்பொருளால் எழும் பள்ளியில் அவர் மாணவரை எம்முகங்கொண்டு நோக்குவார்? அவர் செய்ததே சரியென்பது என் கருத்து.

வளர்ந்த ஊராகிய வாக்ஸஹாச்சியில் பறக்க நேர்ந்தபோது, வெள்ளையர்க்கு ஒரு வாயிலும் கறுப்பினத்தார்க்கு வேறொரு வாயிலும் வைக்கத் திட்டமிட்டனர். ஒரே வாயில் இல்லையேல் பறவேன் என்றார் பெஸ்ஸி. வாயில் ஒன்றாயிற்று. உள்ளே இருக்கைகள் வேறு வேறாகவே இருந்தன. ஒரு பெண்ணின் மறுப்பால் அன்று பெயர்க்க முடிந்தது அவ்வளவே.

1926ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள். புளோரிடாவில் ஜாக்சன்வில் என்னும் நகரம். மறுநாள் நடக்கவிருந்த காட்சிக்காக, குதிப்பதற்குத் தக்க இடத்தை மேலிருந்து பார்த்துவரப் புறப்பட்டார். விமானம் பழையது, டெக்சாசிலிருந்து வரும் வழியிலேயே பழுதுற்றது. வில்லியம் வில்ஸ் என்னும் இளைஞர் ஓட்டினார். விளிம்பிற்கு அப்பால் எட்டிப் பார்ப்பதற்காகப் பெஸ்ஸி இடைவாரைப் பூட்டிக்கொள்ளவில்லை. விமானம் திடீரெனத் தலைகீழாகப் பாய்ந்து கவிழ்ந்தது. பெஸ்ஸி வெளியே எறியப்பட்டு மாண்டார். வில்ஸும் உயிர் துறந்தார். கழன்ற திருகை முடுக்கும் கருவியொன்று பொறிக்குள் விழுந்து சிக்கிக்கொண்டதே காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. ஏறுமுன் தடவித் தடவிச் சோதிக்கக் கற்றவர் அன்று ஓட்டுபவராக அமரவில்லை. அவருக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. அவர் எண்ணிய பள்ளி எண்ணமாகவே நின்றது.

மூன்றாண்டுகளுக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வில்லியம் பவல் என்பார், பெஸ்ஸி கோல்மன் பெயராலேயே ஒரு விமானக் கழகத்தைத் தொடங்கினார். 1931 முதல் சிகாகோவிலுள்ள கறுப்பின விமானிகள் ஆண்டுதோறும் அவர் துயிலும் இடத்தின்மேற் பறந்து மலர் தூவலாயினர். 1939இல் அமெரிக்க அரசு கல்லூரிகளில் விமானப் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தபோது, அலபாமாவிலுள்ள டஸ்கீகி முதலிய கறுப்பினக் கல்லூரிகள் சிலவும் அதிற் சேர்க்கப்பட்டன. டஸ்கீகியில் தலைமையாசிரியராக அமர்ந்தவர் ஆல்பிரட் ஆண்டர்சன். இவரும் கற்பிப்பாரின்றித் தவித்தவர். கடன் வாங்கித் தாமே ஒரு விமானத்தை விலைக்கு வாங்கிப் பழகியவர். 1941இல் குடியரசுத் தலைவரின் துணைவியாராகிய எலினார் ரூசுவெல்ட் அக்கல்லூரிக்கு வந்து, அவர் ஓட்டிய விமானத்திலேறிப் பறந்தார். அதனைப் படத்துடன் இதழ்கள் வெளியிட்டன.

அதன்பின் டஸ்கீகியை நாடி வடமாநிலங்களிலிருந்தும் இளைஞர் பலர் வந்தனர். வீட்டை விட்டு நெடுந்தொலைவு இரயிலேறி வந்த அவர்கள், தென்மாநில எல்லையைக் கடந்ததும் கறுப்பினத்தார்க்கென ஒதுக்கிய பெட்டிக்கு மாறி அமரவேண்டியிருந்தது. கடல் மட்டும் கடக்கவேண்டியிருக்கவில்லை.